ஓபரா ஹவுஸின் செலவு யார் கணக்கில்?

கட்டடக்கலை மாணவர்களே, பொறியாளர் நண்பர்களே, வணக்கம்.

பெரிய கட்டடம் ஒன்றின் செலவு எகிறிவிட்டது என்று செய்தி வந்தால் நாம் முதலில் திட்டுவது ஆர்கிடெக்டைத்தான். சிட்னி ஓபரா ஹவுஸ் விஷயத்திலும் அதுதான் நடந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் போய் முடிந்தது. 1963-இல் முடிய வேண்டிய வேலை 1973 வரை இழுத்தது. இந்தப் பழி முழுவதையும் யோர்ன் உட்சன் என்ற ஒரு மனிதரின் தலையில் கட்டுவது அநியாயம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டென்மார்க்காரரான உட்சன் 1957-இல் கட்டட வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது அவர் கொடுத்திருந்தது ஓர் எண்ணம், சில வரைபடங்கள். சிப்பி ஓடுகளை நிமிர்த்தி வைத்தது போன்ற அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்று அன்று யாருக்குமே தெரியாது. கட்டும் முறையே தெரியாத கூரைக்கு மதிப்பீடு போட்டார்கள் பாருங்கள், அந்தத் தொகையை எப்படி நம்புவது?

அடுத்தது அவசரம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல்வர் ஜோ காஹில், ஆட்சி மாறினால் திட்டம் நின்றுவிடும் என்று அஞ்சினார். வரைபடங்கள் முடியாமலே 1959 மார்ச்சில் வேலை தொடங்கியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பிடிவாதம் இல்லாவிட்டால் அந்தக் கட்டடமே இல்லை. ஆனால் அந்த அவசரத்துக்கும் ஒரு விலை இருந்தது, அதை உட்சன் கணக்கில் எழுதினார்கள்.

கூரைக்கு வழி பிடிபட்டது 1961-இல்தான். அதுவரை கூரையின் ஒவ்வொரு சிப்பி ஓடும் ஒவ்வொரு வளைவு. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். எல்லா ஓடுகளையும் ஒரே உருண்டையின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக மாற்றினார் உட்சன். அதனால் கான்கிரீட் விலாக்களை ஒரே மாதிரி அச்சில் திரும்பத் திரும்ப வார்த்துவிட முடிந்தது. வடிவமைப்பு மாற்றம் என்றாலே செலவு என்று நினைக்கிறோமே, கட்டவே முடியாததைக் கட்டக்கூடியதாக்கியது இந்த மாற்றம்தான்! ஆனால் அதற்குள் கீழ்த்தளத்தின் தூண்கள் எழும்பிவிட்டன. புதிய கூரையைத் தாங்க அவற்றுக்கு வலுவில்லை. மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. கூரை முடிவாகும்வரை காத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

1966 பிப்ரவரியில், பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் பணத்தை நிறுத்திவைத்த தகராறில், உட்சன் விலகினார். அதே ஆண்டு அக்டோபர் வரை ஆகியிருந்த செலவு 2 கோடியே 29 லட்சம் டாலர். இறுதித் தொகையில் கால்பங்குகூட இல்லை. அவர் இருந்திருந்தாலும் செலவு ஏறியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் முக்கால் பங்குக்கு மேல் அவர் போன பிறகு செலவானது என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

அவர் போன பிறகு பயன்பாடே மாறியது. ஓபரா என்ற இசை நாடகத்துக்கும் இசைக் கச்சேரிக்கும் பொதுவாக இருக்க வேண்டிய பெரிய அரங்கைக் கச்சேரிக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அங்கே ஏற்கெனவே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எடுத்தார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே மிகக் கொடுமையான கூடுதல் செலவு இதுதான். வாங்கியதும் வீண், பொருத்தியதும் வீண், கழற்றியதற்கும் கூலி. உட்சன் கேட்ட மாற்றமல்ல இது. ஓபராவைச் சின்ன அரங்குக்கு அனுப்பிவிட்டார்கள். வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் அங்கே போதாது என்ற குறை திறந்த நாளிலிருந்தே இருந்துவருகிறது.