ஒரே பாடகர், நான்கு பெயர்: வீட்டுப் பாட்டுத் தொகுப்புக்குச் சீராக டேக் போடுவது எப்படி?

[திரை: பிளேயரின் பாடகர் பட்டியல், நான்கு வரிகள்]

எஸ்.பி.பி. எஸ். பி. பாலசுப்ரமணியம். எஸ்.பி.பாலசுப்ரமண்யம். எஸ் பி பாலசுப்பிரமணியம். நமக்கு ஒரே ஆள், பிளேயருக்கு நான்கு பேர். டேக் என்பது பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் பாடகர், ஆல்பம், ஆண்டு போன்ற விவரம். பிளேயர் அதிலுள்ள எழுத்தை மட்டும்தான் பார்க்கும். ஒரு புள்ளியோ இடைவெளியோ மாறினால் வேறு பாடகர் என்று எடுத்துக்கொள்ளும்.

நீலகிரியில் பல வீட்டுத் தொகுப்புகளில் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் மட்டுமா இருக்கிறது? கேசட்டிலிருந்து ஏற்றிய படுகப் பாட்டு இருக்கும், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் போனில் பதிந்தது இருக்கும். சினிமாப் பாட்டின் விவரம் தொலைந்தால் இணையத்தில் தேடி எடுத்துவிடலாம். ஊர்ப் பாட்டின் விவரம் கேசட் உறையிலும் பெரியவர்கள் நினைவிலும்தான் இருக்கிறது. அதனால் இந்த வீடியோவில் ஊர்ப் பாட்டுக்குத்தான் கூடுதல் நேரம்.

[திரை: வெள்ளைத் தாள், பேனா]

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் விதிகளை எழுதுங்கள். இனிஷியலுக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா? பெயர் தமிழிலா, ஆங்கில எழுத்திலா? இரண்டு பேர் பாடினால் நடுவில் என்ன குறி? எங்கள் பரிந்துரை: புள்ளி உண்டு, இடைவெளி இல்லை, பெயர் தமிழில், இருவருக்கு நடுவே அரைப்புள்ளி. சாய்கோடு வேண்டாம். எம்பி3 கோப்பில் டேக் எழுதும் முறைக்குப் பெயர் ஐடி3. அதன் 2.3 பதிப்பில் சாய்கோடுதான் பெயர்களைப் பிரிக்கும் குறி, அதனால் சில பிளேயர்கள் அந்த இடத்தில் பெயரை வெட்டிவிடும். திரு, டாக்டர், கலைமாமணி எல்லாம் பெயருக்கு முன்னால் வேண்டாம். அகர வரிசையில் பாடகர் வேறு எங்கோ போய் நிற்பார்.

[திரை: எம்பி3டேக், இடது பக்கக் கட்டங்கள்]

இது எம்பி3டேக், டேக் திருத்தும் மென்பொருள். இதில் அதிகம் பேர் காலியாக விடுவது 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம். ஒரு படத்தில் ஆறு பாட்டு, பாட்டுக்கு ஒரு பாடகர் என்று வையுங்கள். இந்தக் கட்டம் காலியாக இருந்தால் பல பிளேயர்கள் 'ஆர்ட்டிஸ்ட்' பெயரை வைத்துப் பிரிக்கும். ஒரே படம் ஆறு ஆல்பமாகச் சிதறும். ஆறு கோப்புகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். பாடியவர்கள் ஆர்ட்டிஸ்டில். இசையமைப்பாளர் பெயர் 'கம்போசர்' கட்டத்திலும் வரட்டும். கதம்பத் தொகுப்பு என்றால் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் 'பலர்'. கர்நாடக இசையில் கம்போசர் என்பது கீர்த்தனையை இயற்றியவர், ஆர்ட்டிஸ்ட் பாடியவர். ராகத்துக்கும் தாளத்துக்கும் பொதுவான கட்டம் கிடையாது. தனிக் கட்டம் உருவாக்கிக்கொள்ளலாம், ஆனால் போன் பிளேயர்கள் பெரும்பாலும் அதைக் காட்டாது. அதனால் தலைப்பிலேயே, கீர்த்தனைப் பெயருக்குப் பின் ஒரு கோடு போட்டு ராகத்தை எழுதுங்கள்.

இனி ஊர்ப் பாட்டு. கேசட்டை முதலில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் பதியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, 60 நிமிடக் கேசட் ஏறக்குறைய 600 எம்பி வரும். அதைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வைக்காதீர்கள்; வேவ் கோப்பின் டேக்கைப் பல பிளேயர்கள் படிப்பதில்லை. ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் ஒலி குறையாது, இடமும் மிச்சம், டேக்கும் ஒழுங்காக உட்காரும்.

உறையில் தலைப்பு இருந்தால் அதுதான் ஆல்பம் பெயர். வீட்டுப் பதிவு என்றால் ஊர், நிகழ்வு, ஆண்டு என்ற வரிசை: 'பேரகணி, ஹெத்தையம்மன் பண்டிகை' என்று எழுதி ஆண்டைச் சேருங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பண்டிகை டிசம்பர், ஜனவரியில் வருவது. ஆண்டு மட்டும் போட்டால் ஜனவரியில் பதிந்ததும் அதே ஆண்டு டிசம்பரில் பதிந்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். முழுத் தேதியை 'கமெண்ட்' கட்டத்தில் எழுதுங்கள். கேசட்டுக்கும் இதே கவனம் தேவை. பாட்டு வெளிவந்த ஆண்டைப் போடுங்கள், கணினியில் ஏற்றிய ஆண்டை அல்ல. '1990களில்' என்று மட்டும் தெரிந்தால் அதைக் கமெண்டில் எழுதி, ஆண்டுக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே நான்கு இலக்கம்தான் செல்லும்.

படுகு மொழிப் பாட்டுகள் பெரும்பாலும் தமிழ் எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள்: ஹெத்தை, ஹெத்தெ, எத்தை. தலைப்புக் கட்டத்துக்கு ஒரு எழுத்துமுறையை விதித் தாளில் முடிவு செய்யுங்கள். உறையில் அச்சான வடிவத்தை அப்படியே கமெண்டில் நகல் எடுங்கள். அதைத் திருத்தாதீர்கள், பிழையாகத் தோன்றினாலும். பின்னால் யாராவது அதே கேசட்டைத் தேடினால் அந்த வடிவம்தான் கைகொடுக்கும்.

'ஜானர்' கட்டத்தில் 'நாட்டுப்புறம்' என்று மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படுகர் எல்லாருடைய பாட்டும் ஒரே மூட்டைக்குள் போய்விடும். மொழிக்கு, சமூகத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள். கோத்தர் கொம்பும் குழலும் மேளமும் வாசித்த பதிவில் பாடகரே இல்லை. ஆர்ட்டிஸ்டில் வாசித்த குழுவையும் ஊரையும் எழுதுங்கள்.

பாடியவர் யாரென்று தெரியாவிட்டால்? கட்டத்தைக் காலியாக விடாமல் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். காலி என்றால் 'இன்னும் விசாரிக்கவில்லை', 'தெரியவில்லை' என்றால் 'விசாரித்தாயிற்று'. ஊகித்து ஒரு பெயரைப் போடுவதுதான் பெரிய கெடுதல்; இரண்டு நகல் தாண்டினால் அது உண்மையாகிவிடும்.

[திரை: 'கொ' பெரிதாக, பக்கத்தில் இன்னொரு 'கொ']

இந்த இரண்டும் கண்ணுக்கு ஒன்று. கணினிக்கு ஒன்றல்ல. முதலாவது, ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக வருவது. இரண்டாவது, கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக வருவது. 'கொ', 'கோ', 'கௌ' வரும் எல்லாப் பெயரிலும் இது நடக்கலாம். 'ஸ்ரீ'யும் இப்படித்தான்: 'ஸ' வைத்து ஒன்று, 'ஶ' வைத்து ஒன்று, பெரும்பாலான எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. ஒரு பாடகர் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இரண்டு முறை தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். எம்பி3டேக்கின் 'ரிப்ளேஸ்' வசதியில் பிரிந்த வடிவத்தை ஒட்டி, சேர்ந்த வடிவத்தால் மாற்றுங்கள்.

எம்பி3டேக்கில் சேமிக்கும் அமைப்பு: 'ஆப்ஷன்ஸ்', 'டேக்ஸ்', 'எம்பெக்'. எழுதும் வகை ஐடி3 2.3, எழுத்துக் குறியீட்டு முறை யூடிஎஃப்-16. பழைய கருவிகளும் படிக்கும். பழைய ஐடி3 முதல் பதிப்பை எழுதும் குறியை எடுத்துவிடுங்கள். அதில் ஒரு கட்டத்துக்கு 30 பைட்தான். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். 'பாலசுப்ரமணியம்' மட்டும் 42 பைட், பாதியில் அறுந்துபோகும். எந்தக் குறியீட்டு முறை என்று சொல்லவும் அதில் இடமில்லை.

வெளியான ஆல்பங்களுக்கு மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருள் உதவும். ஒலியைக் கேட்டே பாட்டைக் கண்டுபிடிக்கும். ஆனால் அசல் ஆல்பத்துக்குப் பதில் ஏதோ தொகுப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உண்டு. ஒவ்வொரு ஆல்பமாகப் பார்த்துச் சேமியுங்கள்.

[திரை: மழை, ஜன்னலோரம் மடிக்கணினி]

ஆடி மழையில் கூடலூர், குந்தா பக்கமும், ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மின்சாரம் போவது தெரிந்ததே. எம்பி3யில் டேக் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறது. ஒதுக்கிய இடத்தில் அடங்காத அளவு டேக் பெரிதானால், முக்கியமாக அட்டைப்படம் சேர்க்கும்போது, முழுக் கோப்பும் திரும்ப எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் பாட்டே கெடும். பேட்டரி உள்ள மடிக்கணினியில், நகலின் மேல் வேலை செய்யுங்கள். அட்டைப்படம் 600க்கு 600 பிக்சல் ஜேபெக் போதும்.

கார் ஸ்டீரியோவில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டேக்கில் குற்றமில்லை, கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. மூலத்தை மாற்றாமல், பென் டிரைவுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு நகல் செய்யுங்கள். பாட்டு வரிசை குழம்பினால், பல மலிவு ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல் பென் டிரைவில் ஏறிய வரிசையில் வாசிப்பதுதான் காரணம். டிரைவை அழித்துவிட்டு, கோப்புகளை 01, 02 என்ற வரிசையிலேயே ஏற்றுங்கள்.

கடைசியாக, எம்பி3டேக்கில் கோப்புப் பட்டியலின் மேலே உள்ள ஒவ்வொரு தலைப்புப் பட்டையையும் ஒரு முறை அழுத்துங்கள். காலிக் கட்டங்கள் ஒன்றாகத் திரளும், ஒரே பெயரின் வேறு வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றைச் சரிசெய்த பிறகே இரண்டாவது வட்டுக்கு நகல் எடுங்கள். விதித் தாளையும் தட்டச்சு செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.