பரு மாத்திரையைப் போட்டவுடன் படுக்காதீர்கள்! எலும்புவரை போகும் ஒரு ஆன்டிபயாடிக்கின் கதை

ராத்திரி பதினொன்றரை மணி. பல் தேய்த்தாயிற்று, விளக்கையும் அணைத்தாயிற்று. அப்போதுதான் ஞாபகம் வருகிறது, பரு மாத்திரை போடவில்லை என்று. எழுந்து, ஒரே ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்துவிடுகிறீர்கள். விடியற்காலையில் நெஞ்சுக்கு நடுவே ஆணி அடித்த மாதிரி வலி. எச்சில் விழுங்கினால்கூட உயிர் போகிறது. மாரடைப்போ என்று வீடே பதறுகிறது.

இது எனக்கு நடந்தது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் காப்ஸ்யூல், கோர்ஸ் ஆரம்பித்து நான்காவது நாள். இதயத்துக்கு ஒன்றுமில்லை. காப்ஸ்யூல் வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்திருக்கிறது. இந்த மருந்து கரையும்போது நல்ல அமிலத்தன்மையோடு இருக்கும். மெல்லிய சுவரில் ஒரே இடத்தில் அது ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் புண் வராமல் என்ன செய்யும்? ஒரு வாரம் கஞ்சியைக்கூடப் பயந்து பயந்துதான் விழுங்கினேன்.

வணக்கம். முகப்பருவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? முதல் மாத்திரையைப் பிரிக்கும் முன் இந்த வீடியோவைக் கடைசிவரை பாருங்கள். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லாததை எல்லாம் இதில் சொல்லப் போகிறேன்.

[திரையில்: ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், பக்கத்தில் ஒரு காப்ஸ்யூல்]

முதலில் இந்த டம்ளர். முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம், படுக்க மட்டும் கூடாது. வயிற்றைப் புரட்டினால் டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டோடு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பருவுக்கு அதிகம் கொடுப்பது டாக்சிசைக்ளின், அடுத்து மினோசைக்ளின். இரண்டும் டெட்ராசைக்ளின் குடும்பம். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அசித்ரோமைசின் போன்றவை. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1948-ல் வெளியுலகுக்கு வந்தது. அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு வயல் மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்தான் அதைச் சுரந்தது. பொன்னிறமாக இருந்ததால் ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

[திரையில்: இருட்டில் மஞ்சள்-பச்சையாக ஒளிரும் எலும்புக் கீற்று]

இது கிராஃபிக்ஸ் இல்லை. டெட்ராசைக்ளினுக்கு ஒரு குணம் உண்டு. கால்சியத்தைக் கண்டால் விடாது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் எங்கே புதிதாக எலும்பு உருவாகிறதோ, அங்கே கால்சியத்தோடு சேர்ந்து தானும் போய்ப் படியும். புற ஊதா ஒளியைக் காட்டினால் படிந்த இடம் மஞ்சள்-பச்சையாக மின்னும்.

எலும்பு டாக்டர்கள் இதை ஒரு அளவுகோலாகவே பயன்படுத்துகிறார்கள். நோயாளிக்குச் சில நாள் டெட்ராசைக்ளின் கொடுப்பார்கள். இரண்டு வாரம்போல இடைவெளி விட்டு மறுபடி சில நாள் கொடுப்பார்கள். அப்புறம் எலும்பில் ஒரு சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு கோடுகள் ஒளிரும். கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நாள்களால் வகுத்தால், அந்த மனிதரின் எலும்பு ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்துவிடும். மரத்தின் ஆண்டு வளையத்தைப் படிக்கிற மாதிரி ஒரு மனிதரின் இரண்டு வாரத்தைப் படிக்கிறார்கள்!

இன்னும் இருக்கிறது. சூடானின் நைல் நதிக்கரையில் நூபியா என்று ஒரு பகுதி. அங்கே ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் எலும்புகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அதே மஞ்சள்-பச்சை ஒளி தெரிந்தது. இது 1980-ல் ஆய்விதழில் வெளிவந்தது. மருந்துக் கம்பெனி எதுவும் இல்லாத காலத்தில் டெட்ராசைக்ளின் எங்கிருந்து வந்தது? மானுடவியலாளர் ஜார்ஜ் ஆர்மெலாகோஸ் இந்தக் கேள்வியை விடவே இல்லை. அவர்கள் காய்ச்சிய பீரில் இருந்து வந்தது என்பதுதான் அவர் கண்ட விடை. மண்ணில் வாழும் அதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் தானியத்தில் கலந்து, பீர் புளிக்கும்போது மருந்தைச் சுரந்திருக்கிறது. 2010-ல் வேதியியலாளர் மார்க் நெல்சனோடு சேர்ந்து அந்த எலும்பைக் கரைத்துச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது டெட்ராசைக்ளினேதான். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை. நான் விழுங்கிய மருந்தின் உறவை 1,600 ஆண்டுகளுக்கு முன் யாரோ குடித்திருக்கிறார்கள்!

சரி, இதற்கும் உங்கள் பருவுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. எலும்பில் கால்சியத்தைப் பிடிக்கிற அதே குணம்தான் உங்கள் வயிற்றிலும் வேலை செய்கிறது. மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் எதையாவது போட்டால், மருந்து அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் கலக்காமலே வெளியே போய்விடும். பாலால் வரும் இடைஞ்சல் பழைய டெட்ராசைக்ளினுக்கு அதிகம், டாக்சிசைக்ளினுக்குக் குறைவு. இரும்புக்கும் ஆன்டாசிட்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது. "இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டேன், ஒரு பருகூடக் குறையவில்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான்: கூடவே என்ன மாத்திரை போட்டீர்கள்?

பல்லும் கால்சியம்தான். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் பருவுக்காக இதைக் கொடுப்பதில்லை. வளரும் பல்லில் படிந்தால் கறை நிரந்தரம். வீட்டில் தம்பிக்கும் பரு மாதிரி ஏதோ இருக்கிறதே என்று உங்கள் மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

[திரையில்: நாள்காட்டி, வாரங்கள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன]

இப்போது எல்லோரும் தவிக்கிற இடம். முதல் வாரம் ஒன்றும் ஆகாது. இரண்டாவது வாரம் தாடையில் புதிதாக இரண்டு கட்டி வரும். மூன்றாவது வாரம் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காது. "இந்த மருந்து எனக்கு வேலை செய்யாது" என்று பலர் நிறுத்துவது இங்கேதான். கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கு வெளியே தெரிகிற பரு, பல வாரம் முன்பே தோலுக்கு அடியில் அடைப்பாக ஆரம்பித்தது. மாத்திரை போட்ட அன்றைக்கு அது ஏற்கெனவே வழியில் இருந்தது. தெளிவான மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தினமும் கண்ணாடியில் தேடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எனக்கு ஏழாவது வாரம்தான் நம்பிக்கை வந்தது. முகத்தைக் கழுவும்போது விரல் நுனியில் வலி இல்லை என்று ஒரு காலையில் சட்டென்று உணர்ந்தேன்.

இன்னொன்று தெரியுமா? இந்த மாத்திரை கிருமியைக் கொல்வதால் மட்டும் வேலை செய்வதில்லை. பருவோடு சம்பந்தப்பட்ட க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி எல்லோர் தோலிலும் இருக்கிறது, பருவே வராதவர்கள் தோலிலும்தான். அந்தச் சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் நம் உடம்பின் அழற்சி. டாக்சிசைக்ளின் அந்த அழற்சியையும் தணிக்கிறது. ரோசேசியா என்ற முகச்சிவப்பு நோய்க்கு, கிருமியைக் கொல்லப் போதாத 40 மில்லிகிராம் அளவிலேயே இதைக் கொடுக்கிறார்கள். அதே காரணத்தால், அழற்சி இல்லாத வெறும் கரும்புள்ளிக்கு இந்த மாத்திரையை நம்பிப் பயனில்லை.

பக்கவிளைவுகளில் அடிக்கடி கேட்பது குமட்டல், அப்புறம் வெயில். டாக்சிசைக்ளின் போடும்போது வழக்கமாக நிற்கிற வெயிலிலேயே தோல் வெந்துபோகலாம், சன்ஸ்கிரீன் கட்டாயம். சில பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்றால் அரிப்பு வரும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், சரிசெய்ய எளிது. மினோசைக்ளினில் தலைசுற்றல் வரலாம், நீண்ட நாள் போட்டால் தோலில் நீலச்சாம்பல் நிறத் திட்டுகள் வரலாம். விடாத தலைவலியோடு பார்வை மங்கினால், காய்ச்சலோடு உடம்பெங்கும் தடிப்பு வந்தால், ரத்தத்தோடு பேதியானால் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே டாக்டரிடம் போங்கள். கடுமையான பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்தை எடுக்கிறவர்கள் டெட்ராசைக்ளினைச் சேர்த்து எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும் ஆபத்து இருக்கிறது.

[திரையில்: மருந்துச் சீட்டு, "முடியும் தேதி" என்ற இடம் காலி]

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. எத்தனையோ பேர் இந்த மாத்திரையை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டி வாங்குவது, முகம் தெளிந்தால் நிறுத்துவது, வந்தால் மறுபடி ஆரம்பிப்பது. மூன்று, நான்கு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பதுதான் தோல் மருத்துவர்களின் பொதுவான வழிகாட்டுதல். அதைத் தாண்டினால் உங்கள் தோலிலும் குடலிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். நாளைக்கு நிஜமான ஒரு தொற்றுக்கு அதே மருந்து தேவைப்படும்போது அது கைகொடுக்காமல் போகலாம்.

மாத்திரையைத் தனியாகவும் கொடுக்கக் கூடாது. கூடவே பென்சாயில் பெராக்சைடு என்ற கிருமிக்கொல்லியைப் பூச வேண்டும், கிருமிகளுக்கு அதை எதிர்க்கும் திறன் வருவதில்லை. ஆனால் அது பட்ட துணி வெளுத்துவிடும். என் நீலத் தலையணை உறையில் கன்னம் படுகிற இடம் மட்டும் வெளுத்து, நிலா மாதிரி ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை முடிந்த இரண்டாம் மாதம் பரு திரும்பிவிட்டது என்கிற அனுபவம் அவ்வளவு சகஜம். மாத்திரை நெருப்பைத்தான் அணைத்தது, தோல் துவாரம் அடைபடுவதை நிறுத்தவில்லை. அந்த வேலைக்கு அடாபலீன் மாதிரி ஒரு கிரீம், மாத்திரை இருக்கும்போதே ஆரம்பித்து, அது நின்ற பிறகும் தொடர வேண்டும். ஆகவே டாக்டரின் அறையை விட்டு எழும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது எந்தத் தேதியில் முடியும்?" "முடிந்த மறுநாள் நான் எதைப் பூச வேண்டும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீங்கள் இப்போது எத்தனையாவது வாரத்தில் இருக்கிறீர்கள்? கமெண்ட்டில் எழுதுங்கள். மூன்றாவது வாரத்தில் கண்ணாடி முன் நின்று அழுகிற யாராவது அதைப் படிப்பார்கள்.