ஆளாக மதித்தல்: ஹெகலும் நம் பழக்கங்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பழக்கம், பரஸ்பர அங்கீகாரம், சமூக வாழ்வு ஆகிய மூன்றுக்கும் மெய்யியல் காணும் தொடர்பைப் பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறீர்கள். நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்த, ஔவையார் பாடியதாக வழங்கும் ஒரு தனிப்பாடலிலிருந்து தொடங்குகிறேன்.

சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்
வைத்ததொரு கல்வி மனப்பழக்கம் – நித்தம்
நடையும் நடைப்பழக்கம் நட்பும் தயையும்
கொடையும் பிறவிக் குணம்

ஓவியம் கைக்குப் பழகுவதால் வருகிறது, மொழி நாவுக்குப் பழகுவதால் வருகிறது, கல்வி மனத்துக்குப் பழகுவதால் வருகிறது. ஒழுக்கம்கூட நாள்தோறும் நடந்து பழகுவதால்தான் வருகிறது. இவ்வளவையும் ஏற்கிறேன். ஆனால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் நடந்துகொள்ளும் விதத்துக்கு வரும்போது மட்டும் பாட்டு திசை மாறி, அது பிறவிக் குணம் என்று சொல்லிவிடுகிறது. இந்தக் கடைசி அடியோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த வழக்குதான்.

தமிழே இந்த வழக்கில் என் பக்கம் சாட்சி சொல்கிறது. "வண்டி ஓட்டப் பழகினேன்" என்றும் "அவரோடு நெருங்கிப் பழகினேன்" என்றும் ஒரே வினைச்சொல்லைத்தான் நாம் ஆள்கிறோம். "காப்பிப் பழக்கம்" என்கிற அதே வாயால் "அவர் எனக்கு நல்ல பழக்கம்" என்கிறோம். திரும்பத் திரும்பச் செய்வதால் உடலில் படிகிற திறமைக்கும், மனிதர்களுக்கு இடையே உண்டாகும் உறவுக்கும் இம்மொழி ஒரே பெயரை வைத்திருக்கிறது. ஐரோப்பிய மெய்யியல் நெடுந்தூரம் நடந்து கண்டடைந்த ஒரு தொடர்பு நம் அன்றாடப் பேச்சில் இப்படிக் கிடக்கிறது.

அந்த நடையின் முதல் எட்டை வைத்தவர் அரிஸ்டாட்டில். மேலே எறிந்த கல்லைப் பத்தாயிரம் முறை எறிந்தாலும் மேல்நோக்கிப் போக அதைப் பழக்க முடியாது. மனிதனோ வீடு கட்டிக் கட்டிக் கொத்தனாகிறான், யாழ் வாசித்து வாசித்து யாழிசைப்பவனாகிறான், நியாயமானவற்றைச் செய்து செய்து நியாயவானாகிறான் என்றார். ஆனால் ஒருவன் நியாயவானாவதற்கு மற்றொருவன் அவனை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. கருவி உயிர் பெற்றால் அதுவே அடிமை என்று கருதியவரிடம் அக்கேள்வியை எதிர்பார்க்கவும் முடியாது. அதற்கு நாம் ஹெகலிடம்தான் போக வேண்டும்.

1770-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்து 1831-இல் பெர்லினில் மறைந்த ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆண்டான், அடிமை என்ற பகுதியைத்தான் பேசுவார்கள். பழக்கத்தைப் பற்றி அவர் தம் மெய்யியல் கலைக்களஞ்சியத்தின் 409, 410-ஆம் பிரிவுகளில் எழுதியிருப்பதை அவ்வளவாக யாரும் தொடுவதில்லை. என் பார்வையில், அந்தச் சில பக்கங்களைப் படிக்காமல் ஆண்டான், அடிமைப் பகுதியைப் படிப்பவருக்கு அதன் பாதிதான் கைக்கு வரும்.

பழக்கத்துக்கு அவர் தரும் ஓர் எடுத்துக்காட்டு நிமிர்ந்து நிற்பது. மனிதன் நிற்க விரும்புவதால் நிற்கிறான். விரும்பும் வரைதான் நிற்கிறான். ஆனால் அந்த விருப்பம் அவனுக்கே தெரியாத விருப்பமாகிவிட்டது. இப்போது இந்த மேடையில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். என் முழங்கால்களைப் பற்றி இந்த வாக்கியத்துக்கு முன்புவரை நான் நினைக்கவே இல்லை. அவர் காட்டும் இன்னொரு எடுத்துக்காட்டு எழுதுவது. முதன்முதலாகப் பலகையில் 'அ' போடும் குழந்தையைப் பாருங்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு, குச்சியை இறுகப் பிடித்து, சுழிக்கு ஒரு மூச்சும் வளைவுக்கு ஒரு மூச்சும் விட்டு எழுதுகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே கை, என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் மனம் எண்ணிக்கொண்டிருக்க, எழுத்துகளைத் தானே பார்த்துக்கொள்கிறது. உடலை இப்படி நம் வசப்படுத்தித் தருவதால் பழக்கம் ஒரு விடுதலை என்கிறார் ஹெகல். அதை இயற்கை என்றே சொல்லலாம், ஆனால் நாமே உண்டாக்கிக்கொண்ட இரண்டாம் இயற்கை. அதே மூச்சில் அதன் மறுபக்கத்தையும் சொல்கிறார்: பழக்கத்தில் மனிதன் இயந்திரம்போல் இயங்குகிறான், அங்கே அவன் விழித்திருப்பதில்லை.

இனி அங்கீகாரத்துக்கு வருகிறேன். 1806 அக்டோபரில் நெப்போலியனின் படை யேனா நகருக்குள் நுழைந்த நாட்களில் எழுதி முடிக்கப்பட்டு, 1807-இல் வெளிவந்த நூல் ஆன்மாவின் நிகழ்வியல். தன்னை அறியும் உணர்வு இன்னொரு தன்னுணர்வால் ஏற்கப்படுவதால் மட்டுமே தன்னுணர்வாக இருக்கிறது என்று அதில் ஹெகல் சொல்கிறார். இதற்கு நம் ஊர்ப் பேச்சில் கூர்மையான ஒரு வாக்கியம் உண்டு. அவமானப்பட்டுத் திரும்பி வருகிறவர் அடிபட்டதைக் கூடச் சொல்லமாட்டார், "என்னை ஒரு ஆளாவே மதிக்கல" என்றுதான் சொல்வார். ஆளாவதற்கு மதிக்கப்பட வேண்டும். தனியே இருந்து யாரும் ஆளாக முடியாது. ஹெகல் சொல்லும் அங்கீகாரம் அந்த மதிப்புதான்.

இரு தன்னுணர்வுகள் மோதுகின்றன, உயிருக்குத் துணிந்தவன் ஆண்டானாகிறான், உயிருக்கு அஞ்சியவன் அடிமையாகிறான். ஆனால் ஆண்டானுக்குக் கிடைக்கும் மதிப்பு அவன் ஆளாக மதிக்காத ஒருவனிடமிருந்து வருவதால் அவனுக்கு அது நிறைவு தருவதில்லை. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு அடுத்து வரும் ஒரு செய்தியைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடிமையின் அச்சம், பணிவிடை என்ற ஒழுங்கில் நாள்தோறும் படியாவிட்டால் வெறும் வடிவமாகவே நின்றுவிடும், அவன் வாழ்வு முழுவதற்கும் பரவாது என்கிறார் ஹெகல். ஒரு நாள் வாளைக் கண்டு பயந்ததால் ஒருவன் அடிமையாகிவிடுவதில்லை. விடியற்காலை எழுந்திருப்பதில், நிற்கும் இடத்தில், பேசும் குரலில் அந்தப் பயம் பழக்கமாக இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் பிறகு வாள் வேண்டியதில்லை.

ஆகவே கலைக்களஞ்சியத்தில் பழக்கத்தை 410-ஆம் பிரிவிலும் அங்கீகாரப் போராட்டத்தை 430-ஆம் பிரிவுக்குப் பிறகும் அவர் வைத்த வரிசையை நான் தற்செயலாகக் கொள்ளவில்லை. மதிப்பதற்கும் மதிக்கப்படுவதற்கும் முன்பே பழகிய உடல்கள் அங்கே இருக்கின்றன.

இங்கே ஹெகலோடு எனக்குள்ள ஒரு பிணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோலோன் ஏதென்ஸ் மக்களுக்குச் சுதந்திரமான சட்டங்களைத் தந்தார். ஆனால் அவற்றுக்குக் கீழ்ப்படியும் பழக்கம் வேரூன்றப் பிசிஸ்ட்ராட்டஸின் வல்லாட்சி தேவைப்பட்டது. வேரூன்றிய பின் அந்த ஆட்சி தேவையற்றதாயிற்று என்று ஹெகல் தம் வகுப்பில் விளக்கினார். சட்டம் பழக்கமானால்தான் சட்டமாகும் என்பது வரை சரி. ஆனால் கீழ்ப்படியப் பழகியவன் அந்தப் பழக்கத்தாலேயே ஒருநாள் சுதந்திரனாவான் என்பதை நான் ஏற்கவில்லை. பணிவைப் பயிற்றும் ஆட்சிகள் தாமாகத் தேவையற்றுப் போவதில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு பணிவை நான் மிக அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர் என் ஊர். எங்கள் வயலில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என் தாத்தாவைவிட மூத்தவர். ஏழு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி "வா", "போ" என்றேன். அவர் என்னைச் "சின்ன ஐயா" என்றார். நண்பகலில் கொல்லைப்புறக் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் கேட்பார். என் அத்தை சொம்போடு போவார். பெரியவர் இடுப்பை வளைத்துக் குனிந்து, இரு கைகளையும் குவித்து வாயோடு சேர்த்துக்கொள்வார். அத்தை ஏறக்குறைய ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுவார். சொம்பு கையில் படாது. ஒரு சொட்டும் வீணாகாது. அவர் போதும் என்று தலையசைக்கும் முன்பே அத்தையின் மணிக்கட்டு நிமிர்ந்துவிடும். ஊற்றும்போது பேச்சும் நிற்காது: நாற்று எப்படி வந்திருக்கிறது, மகளுக்குப் பேறுகாலம் எப்போது என்று அத்தை அக்கறையோடு கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு உடல்களும் அவ்வளவு நுட்பமாக ஒன்றுக்கொன்று பழகியிருந்தன.

என் அத்தையைப்போல் இரக்கமுள்ள ஒருவரை நான் கண்டதில்லை. ஔவை சொன்ன தயையும் கொடையும் அவரிடம் பிறவிக் குணமாகவே இருந்தன. மகளின் பேறுகாலத்துக்கு நெல்லும் சேலையும் அனுப்பியவர் அவர்தான். ஆயினும் அந்த ஒரு முழ உயரத்தில் தயையால் ஒரு விரற்கடையைக்கூடக் குறைக்க முடியவில்லை. தயை மனத்தில் இருந்தது. உயரம் கையில் இருந்தது. தயையும் மதிப்பும் ஒன்றல்ல என்பதை அந்தக் கிணற்றடியில்தான் கற்றேன், கற்றேன் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

1820-இன் இறுதியில் வெளிவந்து முகப்பில் 1821 என்று அச்சிடப்பட்ட உரிமையின் மெய்யியலில் ஹெகல் இக்கருத்தைச் சமூகம் முழுவதற்கும் விரிக்கிறார். குடும்பம், பொருளியல் வாழ்வு, அரசு ஆகியவற்றில் ஒருவரையொருவர் மதிக்கும் முறை, வழக்கமாகவும் இரண்டாம் இயற்கையாகவும் மாறும்போதுதான் அறம் உலகில் நடமாடுகிறது என்பது அந்நூலின் உயிர்நாடி. இரவில் அச்சமின்றித் தெருவில் நடப்பவருக்கு, இது வேறுவிதமாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே தோன்றாது, பாதுகாப்பு அவருக்கு அவ்வளவு பழகிவிட்டது என்று அவர் விரிவுரையில் சொன்னதாகக் குறிப்புகள் உண்டு. அழகான எடுத்துக்காட்டு. ஆனால் எந்தத் தெருவில், யார் நடக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டிய தெருக்கள் நம் நாட்டில் இருந்தன. இரவில் தனியே நடக்கும் பெண்ணுக்கு, வேறுவிதமாக நேரலாம் என்ற எண்ணம் ஒவ்வோர் எட்டிலும் தோன்றத்தான் செய்கிறது. அதே நூலில், வாழ்க்கைக்கு முற்றிலும் பழகிப்போய் எதிர்ப்பே அற்றுவிட்டால் மனிதன் பழக்கத்தினாலேயே இறந்தும் போகிறான் என்ற எச்சரிக்கையும் இருப்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

உரிமை ஏட்டில் இருந்தும் பழக்கத்தில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பம்பாய் மாகாணத்து மகாடு நகரில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பொது நீர்நிலைகள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய் மாகாணச் சட்டசபை 1923-இல் தீர்மானித்தது. 1924-இல் மகாடு நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. அதன்பின்னும் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் குளத்தில் நீர் அருந்த முடியவில்லை. தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை. கரையில் காவலும் இல்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலத்தின் முன்னே நடந்து, கரையிறங்கி, கைகளில் நீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்களும் குடித்தார்கள். அன்றே அவர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு சடங்குகள் செய்து குளம் "தூய்மை" செய்யப்பட்டது. அந்த நீரில் விலங்குகள் வாய்வைத்தபோது யாருக்கும் தோன்றாத அருவருப்பு அது.

அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி. அந்த டூயி 1922-இல் எழுதிய நூலொன்றில், கூனி நிற்பவரிடம் "நேராக நில்" என்று சொன்னால் அவர் நேராக நிற்பதில்லை, வேறொரு விதமாகத் தவறாக நிற்கிறார், அவ்வளவுதான் என்கிறார். ஹெகலின் நிமிர்ந்து நிற்கும் மனிதன் இங்கே கூனோடு திரும்பி வருகிறான். விருப்பம் மட்டும் முதுகை நிமிர்த்தாது. அந்தக் கூனை வளர்க்கும் சூழலை மாற்றி, உடலுக்கு வேறு வழியைப் பழக்க வேண்டும். சாதி செங்கற்சுவரோ முள்கம்பி வேலியோ அல்ல, அது ஒரு மனநிலை என்று 1936-இல் அம்பேத்கர் எழுதியதை, எண்ணத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்பதாகச் சிலர் எளிமைப்படுத்துகிறார்கள். மகாடில் அவர் செய்ததையும் சேர்த்துப் படித்தால் அப்படிப் படிக்க இயலாது. அங்கே அவர் ஒரு கருத்தை மட்டும் அறிவிக்கவில்லை. கால்களைக் குளத்துக்குள் இறக்கினார், கைகளுக்கு நீரை அள்ளும் ஒரு புதிய பழக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

கல்லூரியில் இவற்றையெல்லாம் படித்துவிட்டு ஒரு விடுமுறைக்கு ஊர் திரும்பினேன். பெரியவர் வாசலுக்கு வந்தார். முன்னமே மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்த நான், "வாங்க, திண்ணையில உக்காருங்க" என்றேன். அவர் திரும்பித் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மகிழ்ச்சி இருந்ததாக என்னால் சொல்ல முடியாது, கலக்கம்தான் இருந்தது. நான் அவரை மதித்துவிட்டேன் என்று எண்ணியிருந்தேன். அங்கீகாரம் பரஸ்பரமானது என்று ஹெகல் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒரு பக்கத்திலிருந்து வழங்கப்படும்வரை அதுவும் மேலிருந்து ஊற்றும் தண்ணீர்தான்.

அன்று அவர் உட்காரவில்லை. அடுத்தடுத்த விடுமுறைகளில் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தை தம்ளரில் கொடுத்த காப்பியை முதலில் தூக்கிக் குடித்தவர், ஒரு பொங்கலன்று வாய்வைத்துக் குடித்தார். அத்தைக்கும் கை பழக இரண்டு ஆண்டுகள் ஆயின. எனக்கு "நீங்க" என்பது தடையில்லாமல் வர அதைவிடக் கூடுதலாகவே ஆனது. என்னைப் பெயர் சொல்லி அழைக்கும்படி அவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். கடைசியாகக் கேட்டபோது அவர் நோயில் படுத்திருந்தார். சற்று முயன்று பார்ப்பவர்போல உதடுகளை அசைத்துவிட்டுச் சொன்னார்: "நாக்கு வரலைங்க, சின்ன ஐயா."