பிள்ளையைக் கடித்துப் பசியாறும் எறும்பு

(பர்மாவின் மோல்மேன் நகரில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையிலிருந்து)

சீனி டப்பாவைத் தேடி வரும் எறும்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது ஊரறிந்தது. கதையில் ரத்தம் குடிக்கும் டிராகுலாவின் பெயரைப் பெற்று, மண்ணுக்கடியில் வேட்டையாடும் டிராகுலா எறும்புகளைப் பற்றித்தான் பேச்சு. அவற்றில் ஒன்றுக்கு நம் பர்மாவோடு சொந்தம் உண்டு. லியோனார்டோ பேயா என்ற இத்தாலியர் இங்கே சுற்றித் திரட்டிய எறும்புகளை ஆராய்ந்த கார்லோ எமெரி, 1889இல் அதற்கு ‘மிஸ்ட்ரியம் கமிலே’ என்று பெயர் வைத்தார்.

தாடையின் நுனிகள் இரண்டையும் அது ஒன்றோடொன்று அழுத்தும். அழுத்தம் ஏற ஏறத் தாடை வளையும். அப்புறம் ஒன்று மற்றதன் மேல் வழுக்கிப் பாயும், நாம் விரலில் சொடக்குப் போடுகிறோமே, அப்படி. 2018இல் வெளிவந்த ஆய்வில் அதன் வேகம் வினாடிக்கு 90 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். அடிபட்ட இரை செயலற்றுப் போகும். தாடையை அகலத் திறக்க வேண்டியதில்லை என்பதால், நெருக்கமான மண் சந்துக்கு இது நல்ல ஆயுதம் என்பது என் எண்ணம்.

டிராகுலா எறும்புகளில் பலவற்றுக்குப் பிடித்த இரை பூரான். கொட்டி அசையவிடாமல் செய்துவிட்டு, சில இனங்கள் தம் பிள்ளைகளான புழுக்களைத் தூக்கிவந்து பூரான் மேலேயே விட்டுவிடும். பிள்ளைகள் தின்னும். சரி, பெரியவர்கள்? வளர்ந்த எறும்பின் இடுப்பு ஒடுக்கமானது, கெட்டியான உணவு உள்ளே இறங்காது. மற்ற எறும்புகளில் பல வாயோடு வாய் வைத்து நீராகாரம் பகிர்ந்துகொள்ளும். இவற்றிடம் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் பூரானைத் தின்று கொழுத்த புழுவின் தோலை ராணி மெல்லக் கடித்து, கசியும் உடல்நீரை நக்கிக் குடிக்கிறது.

பின்வரிசையில் அக்காமார் முகம் சுளிப்பது தெரிகிறது! புழு சாவதில்லை, அக்கா. தழும்போடு வளர்ந்து எறும்பாகிவிடும். பஞ்சம் வந்துதான் இப்படிச் செய்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் இவற்றின் உறவுக்கார எறும்பு ஒன்றை மசுகோ என்பவர் ஆராய்ந்து 1986இல் எழுதினார். இரை கிடைக்கும்போதும் ராணி புழுவைத்தான் நாடியது. இதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புழுவின் வயிற்றில்தான் அந்தக் கூட்டுக்கே சமையல் நடக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் மக்கிய கட்டையைப் புரட்டினால் இவற்றைப் பார்க்க முடியுமா என்று ஒரு தம்பி கேட்டான். தேடிப் பார், தம்பி. ஆனால் கூடு சிறியது, எளிதில் கண்ணில் படாது. கையை விடாதே, குச்சியால் புரட்டு. எறும்பு இல்லாவிட்டாலும் பூரான் இருக்கும்.