ரப்பர் கூம்பும் இரட்டைக் கேமராவும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். ஒன்று 1959-இல் வந்த மினி. இன்னொன்று 2013-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ். நியாயமான போட்டியா என்றால், இல்லைதான். மினி 3 மீட்டர் நீளத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், எடை 600 கிலோவை ஒட்டி வரும். எஸ் கிளாஸோ 5 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய 2 டன்.

1956-இல் எகிப்தின் சூயஸ் கால்வாய் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிறந்த யோசனைதான் மினி. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பிவைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே செருகிவிட்டார். மிச்சமான இடமெல்லாம் ஆட்களுக்கு. ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் இறங்காது, பக்கவாட்டில்தான் நகரும். அதனால் கதவுக்குள் காலியாகக் கிடந்த பள்ளத்தைச் சாமான் வைக்கும் இடமாக்கிவிட்டார்கள். கதவைத் திறக்க உள்ளே கைப்பிடி இல்லை, ஒரு கயிற்றை இழுக்க வேண்டும்.

மினியில் குறையும் உண்டு. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்க கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தது. மழையில் தண்ணீர் அடித்தால் எஞ்சின் இருமும், சில சமயம் நின்றே போகும். வண்டிக்காரர்கள் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை அதற்கு மாட்டி, விரல்நுனிகளை வெட்டி அந்த வழியாக வயர்களை வெளியே எடுத்தார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வண்டி ஓடியது!

சரி, சொகுசுக்கு வருவோம். மினியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கூம்புகள். சக்கரமோ 10 அங்குலம். குழி வந்தால் முதுகெலும்புக்கே செய்தி போய்விடும். எஸ் கிளாஸின் சில மாடல்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால் இரட்டைக் கேமரா உட்கார்ந்து 15 மீட்டர் தூரம்வரை சாலையைப் பார்க்கிறது. மேடு வருவதற்குள் அந்தந்தச் சக்கரத்தின் சஸ்பென்ஷனை, அதாவது குலுக்கலைத் தாங்கும் அமைப்பை, தயார் செய்துவிடுகிறது. வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

பாதுகாப்பில் பழைய கார் ஆசைக்கு இடமே இல்லை. எஸ் கிளாஸில் ஏர்பேக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஊதிவிடும். நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முன்பகுதியில் நீளமும் இருக்கிறது. மினியில் உங்கள் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவில் அதிகம் ஒன்றும் கிடையாது.

ராத்திரி நெடும்பயணம் என்றால் நான் எஸ் கிளாஸில்தான் ஏறுவேன், யோசிக்கவே மாட்டேன். ஆனால் மினி வழியில் நின்றால் பானெட்டைத் திறந்து, ஈரமான டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பலாம். எஸ் கிளாஸ் நின்றால் திரையில் ஒரு எச்சரிக்கை எரியும். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது கருப்புப் பிளாஸ்டிக் மூடிதான். அப்புறம் ஸ்கேனரோடு வருகிறவருக்காகக் காத்திருக்க வேண்டும், மிக வசதியான இருக்கையில்.