நிரலில் தமிழ்ப் பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கணினி நிரல் எழுதும்போது, மதிப்பைத் தாங்கும் மாறிகளுக்கும் ஒரு வேலையைச் செய்யும் செயற்கூறுகளுக்கும் ஆங்கிலத்தில்தான் பெயர் வைக்க வேண்டும் என்று பலர் இன்றும் எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. ஜாவா மொழி 1990களில் வெளிவந்தபோதே பெயர்களில் யூனிகோட் (உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் முறை) எழுத்துகளை ஏற்றது. 2008இல் வந்த பைத்தான் 3.0 பதிப்பிலும் ‘மதிப்பெண் = 80’ என்று எழுதினால் நிரல் தடையின்றி இயங்கும். கணக்கின் பொருளைத் தன் மொழியிலேயே பெயரிட்டு எழுதும் மாணவருக்கு நிரலின் போக்கு விரைவில் பிடிபடும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லா மொழிகளும் இவ்வாறு இடம் தருவதில்லை. கோ (Go) என்னும் நிரல்மொழி பெயர்களில் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே அனுமதிக்கிறது; யூனிகோட் வகைப்பாட்டிலோ நம் புள்ளியும் காலும் கொம்பும் எழுத்துகளாக அல்லாமல், எழுத்தோடு ஒட்டும் குறிகளாக வைக்கப்பட்டுள்ளன. ஆகவே ‘படம்’ என்ற எளிய பெயரைக்கூட அம்மொழியில் ஒரு மாறிக்குச் சூட்ட இயலாது. பல எழுத்துமுறைகளைப் பாதிக்கும் இந்த விதி மாற வேண்டும்.

இனி, மிகுந்த கவனம் வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் பதியலாம். கொம்பு, கால் என்ற இரு குறிகளைச் சேர்த்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தானும், 2021 முதல் இத்தகைய பெயர்களை ஏற்கும் ரஸ்ட்டும் அவற்றை ஒன்றாகவே கொள்கின்றன. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இரு வேறு பெயர்களாகக் கொள்கின்றன. பைத்தானாலும் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று உண்டு. ‘மௌனம்’ என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், எகரக் கொம்பையும் ளகர எழுத்தையும் சேர்த்து ‘மெளனம்’ என்று தட்டச்சு செய்வோர் ஏராளம். இங்கே ளகரம் தனியெழுத்து என்பதால், எந்த மொழியும் இவ்விரண்டையும் ஒன்றாக்காது. ககரமும் தமிழ் எண் ஒன்றும் உருவில் ஒத்திருப்பதும் இத்தகையதே.

வேண்டுமென்றே ஏமாற்றுவோரும் உள்ளனர். எழுத்தோட்டத்தின் திசையை மாற்றும் கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் கொண்டு, படிப்பவருக்கு ஒன்றும், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலருக்கு வேறொன்றுமாக நிரலைக் காட்ட முடியும் என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் விளக்கினர்.

சரியாக எழுதிய தமிழ்ப் பெயரைப் பைத்தான் ‘வரையறுக்கப்படவில்லை’ என்று மறுத்தால், அப்பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஒவ்வோர் எழுத்தின் குறியெண்ணையும் ‘ஆர்டு’ (ord) என்ற செயற்கூறால் அச்சிட்டுப் பாருங்கள். ஔகாரக் குறிக்கு 3020 என்றும் ளகரத்துக்கு 2995 என்றும் அது காட்டும்.