கண்மாய்க் கெண்டையும் தொண்டிக்காரியும்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கெண்டை மீன் சமைப்பதைப் பற்றிப் பேச வாங்க என்று கூப்பிட்டபோது, "நான் தொண்டிப் பக்கத்துக்காரி, என்னைப் போய்க் கேக்குறீங்களே" என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம் யோசித்தேன். கெண்டையைத் திட்டிக்கொண்டே பல வருஷம் சமைத்து, பிறகு மனசு மாறினவள் நான், அதனால் நான் பேசுவதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பிறந்தது கடற்கரையில், வாழ்க்கைப்பட்டது தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால் காரலும் சூடையும் நண்டுமாகத் தின்று வளர்ந்த எனக்கு, கண்மாயில் எருமை குளிக்கிற தண்ணீரில் வளர்ந்த ஒன்றை மீன் என்று ஒத்துக்கொள்ளவே மனசு வரவில்லை. கல்யாணமான முதல் கோடையில் ஊர்க் கண்மாய் அழித்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், அதுவரைக்கும் கரையில் முண்டிக்கொண்டு நிற்கிற கூட்டம் ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, ஒன்றும் இல்லாதவன் வேட்டி என்று கையில் கிடைத்ததோடு மொத்தமாக உள்ளே இறங்கும். அன்றைக்குப் பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் சமைக்க வேண்டும், உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு கட்லாவும் ஒரு பை நிறையச் சின்னக் கெண்டையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

நான் அதைத் தொண்டி மீன் மாதிரியே வைத்தேன். தேங்காய் அரைத்து, புளி கம்மியாக, தண்ணியாக. போதாததுக்கு ஒரு மீனின் பித்தப்பையை அறுக்கும்போதே உடைத்துவிட்டேன், அது எனக்குத் தெரியவும் இல்லை. குழம்பு கசந்தது. மண் வாடை வேறு. மாமனார் ஒரு துண்டை வாயில் வைத்தவர், முள்ளை எடுத்து எடுத்து இலை ஓரத்தில் ஒரு வேலியே கட்டிவிட்டு, ரசம் இருக்கா என்று கேட்டார். நான் உடனே மீனைக் குறை சொன்னேன். எங்கள் அத்தை, அதாவது மாமியார், சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏத்தா, அது கண்மாய் மீனு. அதைக் கடல் மீனா நெனச்சு ஆக்குனா அது என்ன பண்ணும்?"

அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்த மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கும்.

முதலில் எதைக் கெண்டை என்கிறோம் என்று பார்த்துவிடலாம். நம் பக்கம் ஓடை, வாய்க்காலில் கிடக்கிற சின்ன வெள்ளிக் கெண்டைதான் நம்ம ஊர்ச் சொத்து. கயல் என்று பாண்டியன் கொடியில் ஏறினதும் இந்த ஜாதிதான் என்பார்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து ஆற்றுக் கெண்டைகள், பெயரே வடக்கத்திப் பெயர். இவை குளத்தில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும், ஆனால் தேங்கின தண்ணீரில் முட்டை போடாது. மழைக்கால ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால் ஒரு காலத்தில் ஆற்றிலிருந்துதான் குஞ்சு பிடித்து விடவேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். ஜூலை 10 இன்றைக்கும் நாடு முழுவதும் மீன் விவசாயிகள் தினம். அந்த ஊசி இல்லையென்றால் நம் கண்மாயில் கட்லா இந்த அளவுக்கு ஏது? ரோகு பர்மா ஆறுகளிலும் உள்ள மீன், அதனால் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி அங்கே தொழில் பண்ணப் போன செட்டியார்கள் இந்த ஊருக்கு முன்னாலேயே அங்கே அதை ருசி பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஜிலேபிக் கெண்டை என்று விற்கிறார்களே, அது கெண்டையே இல்லை, 1952 வாக்கில் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன், திலேப்பியா. அதன் சதைக்குள் பொடிமுள் கிடையாது. அதைத் தின்றுவிட்டுக் "கெண்டையில எங்கங்க முள்ளு" என்று கேட்கிறவர்களிடம் நான் வாதம் பண்ணுவதில்லை.

சரி, முள்ளுக்கு வருவோம். கெண்டையின் நடுமுள்ளும் விலா முள்ளும் பெரிசு, கண்ணுக்குத் தெரியும், அதில் பயமில்லை. தொந்தரவு பண்ணுவது சதைக்குள் எதோடும் ஒட்டாமல் கவட்டை மாதிரி பிளந்து கிடக்கிற பொடிமுள். ஒரு மீனுக்குள் நூறு பக்கம் இருக்கும். அது முழுக்க முதுகுச் சதையிலும் வால் பக்கத்திலும்தான் இருக்கிறது, வயிற்றுப் பக்கம் வெறும் விலா முள்தான். இது தெரிந்துவிட்டால் பாதிக் கெண்டை உங்கள் கைக்கு வந்த மாதிரி. வயிற்றுத் துண்டு பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும், வால் துண்டு பொறுமைசாலிக்கு. வாங்கும்போது பெரிசாக வாங்குங்கள், ஒன்றரை இரண்டு கிலோ கட்லாவில் அந்தப் பொடிமுள்ளும் விரலுக்குத் தட்டுப்படும் அளவு பெரிசாக இருக்கும். அரைக் கிலோ ரோகு வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு மீனைத் திட்டுவது அநியாயம். சின்ன மீன்தான் கிடைத்தது என்றால் இரண்டு பக்கமும் நெல் அகலத்துக்கு ஒரு கீறலாக நெருக்கி நெருக்கிக் கீறி, மசாலா தடவி மொறுமொறுவென்று வறுத்துவிடுங்கள், முள் துண்டு துண்டாகிப் பொரிந்து, மென்றால் தெரியாது.

பெரிய மீனின் முதுகுத் துண்டுக்கு எங்கள் அத்தை கண்டுபிடித்த வழி புட்டு. சுறாவில்தான் புட்டு என்று சாதித்தவள் நான், இப்போது வீட்டில் கட்லா புட்டுத்தான் அதிகம் செய்கிறேன். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, வெதுவெதுப்பு ஆறுவதற்குள் உதிர்த்தால் முள் தானாக மேலே வந்து நிற்கும், ஆறவிட்டால் சதையைப் பிடித்துக்கொள்ளும். அதை இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சோம்பு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வதக்கிப் பிரட்டினால் போதும், கடைசியில் மிளகுத்தூள். தப்பித் தவறித் தொண்டையில் முள் சிக்கினால், சோற்று உருண்டையை மேலே மேலே விழுங்கிக் குத்திவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

அடுத்து மண் வாடை. மீன் மண்ணைத் தின்றதால் வருகிற வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. தண்ணீரில் உள்ள நீலப்பச்சைப் பாசியும் ஒருவகைப் பாக்டீரியாவும் ஜியோஸ்மின் என்ற ஒரு பொருளை விடுகின்றன, அது மீனின் செவுள் வழியாக ஏறிக் கொழுப்பில் தங்கிவிடுகிறது. புது மழை விழுந்ததும் என்ன வாசம் என்று மூக்கை நீட்டுகிறோமே, அதுவும் இதே பொருள்தான். வாசலில் வந்தால் வாசம், சட்டியில் வந்தால் நாத்தம். கோடையில் தண்ணீர் வற்றிப் பச்சைப் பசேல் என்று கிடக்கும்போது பிடித்த மீனில் இது கூடுதலாக இருக்கும். உயிரோடு கிடைத்தால் நல்ல தண்ணீரில் சில நாள் விட்டு வைத்தாலே வாடை கழன்றுவிடும். செக் நாட்டில் கிறிஸ்துமஸுக்குக் கெண்டைதான் விருந்து, உயிரோடு வாங்கி வந்து வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டு வைத்திருந்து, பிறகு ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். அதன் ஒரு செதிலைப் பணப்பையில் வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்கக் காசு தங்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. இந்த யோசனை நம் செட்டிநாட்டுக்கு எப்படி வராமல் போனது என்று தெரியவில்லை!

நம் வழி புளி. ஜியோஸ்மின் புளிப்பில் சிதைந்துபோகும், அதனால் கண்மாய் மீனுக்குப் புளி தூக்கலாக விட்ட நம் கிழவிகள் காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள். நான் தேங்காயைப் போட்டுப் புளியைக் குறைத்தது நேர் எதிர்.

சுத்தம் பண்ணும்போது செவுளை முழுக்கப் பிடுங்கி எறியுங்கள். வயிற்றுக்குள் கறுப்புச் சவ்வு இருந்தால் சுரண்டுங்கள், நடுமுள்ளை ஒட்டின ரத்தத்தையும். அப்புறம் கல் உப்பு, சாம்பல் போட்டு உரசி, மூன்று தண்ணீர் மாற்றி, மோரில் கொஞ்ச நேரம். கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கும். தலையைச் சுத்தம் பண்ணும்போது அதையும் நோண்டி எடுத்துவிடுங்கள்.

பித்தப்பை விஷயம் மட்டும் விளையாட்டில்லை. உடைந்தால் குழம்பு கசக்கும் என்பதோடு முடியாது. சர்க்கரைக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது என்று கெண்டையின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள நஞ்சு சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும், நம் நாட்டிலேயே இப்படி டயாலிசிஸ் வரைக்கும் போனவர்கள் உண்டு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இனி குழம்பு. செட்டிநாட்டு மீன் குழம்பு என்று பெயர் போட்டுவிட்டு ஓட்டல்களில் கல்பாசி, பட்டை, மராட்டி மொக்கு எல்லாம் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதெல்லாம் கறிக்கு. மீனுக்கு வெந்தயம், சீரகம், விருப்பப்பட்டால் கொஞ்சம் சோம்பு, அவ்வளவுதான். ஒரு கிலோ மீனுக்கு மண்சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, வெந்தயம் சிவந்ததும் கால் கிலோ சின்ன வெங்காயம், பதினைந்து இருபது பல் பூண்டு உரித்து முழுசாக, கறிவேப்பிலை, மூன்று தக்காளி. இரண்டு ஸ்பூன் மிளகாய்த்தூள், நாலு ஸ்பூன் மல்லித்தூள், பெரிய எலுமிச்சை அளவு புளி. கரைசல் பச்சை வாசம் போய் எண்ணெய் பிரிந்து ஓரம் கட்டுகிற வரைக்கும் மீன் பக்கமே போகாதீர்கள். கண்மாய் அழிக்கிற பருவமும் மாங்காய்ப் பருவமும் ஒன்றாக வரும், நாலு துண்டு மாங்காய் போட்டால் புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் தலை இறங்க வேண்டும், பத்து நிமிஷம் அது தனியாகக் கொதிக்கட்டும். பிறகு துண்டுகள், ஏழெட்டு நிமிஷம். கரண்டி போடவே கூடாது, துணியைப் பிடித்துச் சட்டியை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

கட்லாவில் எடையில் நல்ல பங்கு தலைக்கே போய்விடும், அதனால் தலையை வேண்டாம் என்று வெட்டுகிறவரிடமே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கன்னச் சதையில் முள்ளே கிடையாது. மண்டைக்குள் இருக்கிற கொழுப்பு புளிக்குழம்பில் ஊறினால், தொண்டிக்காரி சொல்கிறேன், எந்தக் கடல் மீன் தலையும் பக்கத்தில் நிற்காது. எங்கள் வீட்டில் தலை மாமனாருக்கு. அவர் போன பிறகு அத்தைக்கு வைத்தேன், அவர் பாதியை உடைத்து என் தட்டில் வைத்தார். முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

குழம்பை அன்றைக்கே காலி பண்ணிவிடாதீர்கள். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அதன் ருசியே வேறு, புளியும் எண்ணெயும் துண்டுக்குள் இறங்கியிருக்கும். ராத்திரி அடுப்பை அணைக்கும்போது ஒரு சூடு காட்டிவிட்டு மூடி வைத்தால் போதும். காலையில் சட்டியில் ஒரே ஒரு வயிற்றுத் துண்டு மிஞ்சியிருந்தால் அது முதலில் எழுந்தவர்களுக்கு. எங்கள் வீட்டில் அத்தையை முந்தி எழுந்தவர் யாரும் இல்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வணக்கம்.